பூஜ்ஜியம் பாகையா, 180 பாகையா?

லண்டன் கிரீன்விச்சில் பூஜ்ஜியம் பாகை தீர்க்கரேகை. பூமிக்கு மறுபுறம், பிஜி நாட்டின் தவேயுனி தீவில் 180 பாகை. இரண்டில் ஒன்றுக்குத்தான் போக வாய்க்கும் என்றால் கிரீன்விச்சுக்குப் போங்கள் என்பேன். ஆனால் எல்லோரும் படம் எடுத்துக்கொள்ளும் அந்த உலோகக் கோட்டுக்காக அல்ல.

வானாய்வுக்கூடத்தின் முற்றத்தில் பதித்த அந்தக் கோட்டைப் பார்க்க டிக்கெட் வாங்க வேண்டும். ஆளுக்கொரு படம் எடுத்தவுடன் பலர் கிளம்பிவிடுகிறார்கள். கோடு போய்ச் சேரும் கட்டடத்துக்குள் நுழையாமல் திரும்புவது பெரிய இழப்பு. வானாய்வுக்கூடத்தின் தலைவராக இருந்த ஜார்ஜ் ஏய்ரியின் தொலைநோக்கி அங்கேதான் இருக்கிறது. 1851 முதல் பயன்பட்ட அது வடக்கு தெற்காக மட்டுமே அசையும். விண்மீன் அதன் பார்வையைக் கடக்கும் கணத்தைக் குறித்தே நேரத்தைக் கணித்தார்கள். 1884இல் வாஷிங்டனில் கூடிய நாடுகள் இந்தக் கருவியின் மையத்தைத்தான் உலகின் தொடக்கக் கோடாக ஏற்றன.

முற்றத்தில் நின்று கைபேசியைப் பாருங்கள்: பூஜ்ஜியம் வராது, ஏறக்குறைய 5 கோண விநாடி (பாகையை 3600ஆகப் பிரித்தால் ஒரு பங்கு ஒரு விநாடி) மேற்கு என்று காட்டும். ஏய்ரி செங்குத்துத் திசையைப் பாதரசத் தொட்டியை வைத்துக் கண்டார். பாதரசம் புவியீர்ப்பின் திசையைப் பொறுத்தே மட்டமாக நிற்கும்; கிரீன்விச்சில் அந்தத் திசை சற்றே சாய்ந்திருக்கிறது. செயற்கைக்கோள்களோ பூமியின் மையத்திலிருந்து கணக்கிடுகின்றன. அவற்றின் பூஜ்ஜியம் 102 மீட்டர் கிழக்கே, பூங்காவுக்குள் இருக்கிறது. அங்கே நடந்து போக டிக்கெட் வேண்டாம்.

தவேயுனியில் வையேவோ அருகே ஒரு பலகை 180 பாகையைக் காட்டுகிறது. ஒரு காலை நேற்றிலும் மறு காலை இன்றிலும் வைக்கலாம் என்ற ஆசையில் போனால் ஏமாற்றம்தான். தேதி மாறும் எல்லையான சர்வதேச தேதிக் கோடு பெரும்பாலும் 180 பாகையை ஒட்டிப் போனாலும், பிஜிக்குக் கிழக்கே வளைந்து செல்வதால் பலகையின் இருபுறமும் ஒரே தேதி. பிஜிக்கு எப்படியும் போகிறவர்கள் பார்க்கலாம். இதற்காகவே அவ்வளவு தூரம் போக வேண்டாம். தேதி உண்மையிலேயே மாறும் இடங்களில் ஒன்று பெரிங் நீரிணையில், ரஷ்யாவின் பெரிய டயோமீடு தீவுக்கும் அமெரிக்காவின் சிறிய டயோமீடு தீவுக்கும் நடுவே உள்ள சுமார் 4 கிலோமீட்டர். அது சாதாரணப் பயணிக்கு எட்டாத இடம்.

கிரீன்விச்சுக்குப் பகல் 12.55க்கு முன் போய்விடுங்கள். கூரையின் சிவப்புப் பந்து அப்போது கம்பத்தில் பாதி உயரம் ஏறும், 12.58க்கு உச்சி, சரியாக 1 மணிக்கு விழும். 1833 முதல் தேம்ஸ் நதியின் மாலுமிகள் அதைப் பார்த்துத்தான் கடிகாரத்தைச் சரிசெய்தார்கள். கோடையில் போனால் வாசலில் உள்ள 24 மணிக் கடிகாரத்தையும் பாருங்கள். கோடைக்காக ஊர்க் கடிகாரங்களையெல்லாம் ஒரு மணி நேரம் முன்னால் நகர்த்திவிட்ட பிறகும் அது கிரீன்விச் நேரத்தையே காட்டிக்கொண்டிருக்கும்.