சான்றிதழ் கையில், வழக்கு பதிவில்

கஞ்சா வழக்குக்கு அமெரிக்க அதிபராக இருந்த பைடன் தந்த மன்னிப்புச் சான்றிதழைப் பற்றிய என் மதிப்புரை இது. முக்கியமாக என்னைப் போன்ற கிரீன் கார்டுக்காரர்களுக்கு.

2018, கலிஃபோர்னியாவில் ஒரு தேசியப் பூங்கா. பையில் சில கிராம், கடையில் பில் போட்டு வாங்கியது. மாநிலத்தில் 2016லேயே அனுமதித்துவிட்டார்களே என்ற தைரியம். பூங்கா நிலம் மத்திய அரசுடையது என்பது ரேஞ்சர் முகத்தில் டார்ச் அடித்தபோதுதான் உறைத்தது. அபராதம், கூடவே குற்றப்பதிவு.

2022 அக்டோபரில் பைடன் மன்னிப்பை அறிவித்தபோது குதித்தேன். ஆனால் அது மத்திய போதைப்பொருள் சட்டத்துக்கும் வாஷிங்டன் டிசி சட்டத்துக்கும் மட்டும். பூங்கா விதிப்படி பதிவான வழக்குகள் 2023 டிசம்பரில்தான் சேர்ந்தன. வைத்திருந்ததற்கும், வைத்திருக்க முயன்றதற்கும், பயன்படுத்தியதற்கும் மட்டுமே மன்னிப்பு, விற்றிருந்தால் கிடையாது. மாநில வழக்கையும் அதிபர் தொட முடியாது. என் அறைத்தோழனுக்கு மேரிலாந்து வழக்கு; 2024 ஜூனில் அந்த மாநில ஆளுநர் வெஸ் மூர் 1,75,000க்கும் மேற்பட்ட தீர்ப்புகளை மன்னித்த பிறகுதான் அவனுக்கு மூச்சு வந்தது.

விண்ணப்பம் எளிது. நீதித்துறை இணையதளத்திலேயே நிரப்பலாம், ஒரு காசு கிடையாது. வழக்கு எண், கோர்ட் பெயர், குற்றச்சாட்டுத் தாள், கிரீன் கார்டுக்காரர்களான நமக்கு ஏ நம்பர் (குடியேற்றத் துறை தரும் பதிவு எண்). தாளை நான்தான் எங்கோ செருகி வைத்திருந்தேன். அதைத் தேடவே ஒரு சனிக்கிழமை போனது. இந்த வரைக்கும் முழு மதிப்பெண்.

சான்றிதழோடு ஒரு குடியேற்ற வக்கீலைப் பார்த்தேன். பொறுமையான அம்மா. "தம்பி, இது மன்னிப்பு, அழிப்பு இல்ல" என்றுதான் ஆரம்பித்தார். பதிவு அப்படியே இருக்கும். குடியுரிமைப் படிவம் கைதும் வழக்கும் உண்டா என்று கேட்டால் உண்டு என்றே எழுத வேண்டும். வேறு சில குற்றங்களுக்கு அதிபரின் மன்னிப்பு நாடுகடத்தலைத் தடுக்குமாம், போதைப்பொருளுக்குத் தடுக்காதாம். சொந்த உபயோகத்துக்கு 30 கிராமுக்குள், ஒரே ஒரு முறை என்றால் சட்டத்தில் விலக்கு உண்டு, அதனால் அமெரிக்காவுக்குள் இருக்கும்வரை எனக்கு ஆபத்தில்லை. வெளியே போய்த் திரும்பினால்தான் வம்பு: அந்த விலக்கு விமான நிலையத்தில் செல்லாது, அங்கே தனியாக வேவர், அதாவது தடையைத் தளர்த்தும் அனுமதி, கேட்க வேண்டும். ஒரே குற்றத்துக்கு வாசலில் ஒரு சட்டம், வீட்டுக்குள் ஒரு சட்டம்!

குடிமக்களுக்கு, வேலைக்கும் வாடகை வீட்டுக்கும் காட்ட நல்ல தாள், தயங்காமல் போடுங்கள். என் கணக்கில் ஐந்துக்கு இரண்டு. ஜனவரியில் தங்கை கல்யாணம், டிக்கெட் இன்னும் போடவில்லை.