ஷிமானோ 105 டிஐ2: கேபிள் இல்லாத எட்டு மாதம்

போன வருடம் சைக்கிளில் ஏற்காடு ஏறிக்கொண்டிருந்தேன். ஒன்பதாவது கொண்டை ஊசி தாண்டியதும் வலது கை லீவருக்குள் (பிரேக்கும் கியரும் இதில்தான்) 'டிக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான், செயின் சரசரவென்று இறங்கிப் போய்க் கடைசிப் பல்சக்கரத்தில் உட்கார்ந்துகொண்டது. கியர் கேபிள் லீவருக்குள்ளேயே நூல் நூலாகப் பிரிந்து அறுந்திருந்தது. கேபிள் அறுந்தால் பின் கியர் தானாக 11 பல்லுக்குப் போய்விடும், அந்த கியரில் ஏற்காடு ஏற வேறு யாருடைய தொடையாவது வேண்டும். திரும்பி இறங்கி வீட்டுக்கு வந்தேன். உள்ளே மாட்டிக்கொண்ட கேபிள் தலையைக் குறடு, ஊசி, குண்டூசி எல்லாம் வைத்துக் குடைந்து எடுப்பதிலேயே ஒரு ஞாயிற்றுக்கிழமை போனது. இரண்டு வருடத்தில் இது இரண்டாவது முறை. கேபிள் போதும், பட்டன் தட்டினால் மோட்டார் கியர் மாற்றும் எலக்ட்ரானிக் செட்டுக்கு மாறலாம் என்று முடிவு செய்தது அன்றைக்குத்தான்.

எலக்ட்ரானிக் கியர் ஒன்றும் புதுசில்லை. பிரெஞ்சு மாவிக் நிறுவனம் 90களிலேயே முயன்று பார்த்தது, ஷிமானோ 2009இல் தன் உச்ச ரக செட்டான டியூரா ஏஸில் டிஐ2 என்ற பெயரில் அதைக் கொண்டுவந்தது, ஆனால் நம்மைப் போன்றவர்கள் எட்டிப் பிடிக்கும் நடுத்தர ரகமான 105க்கு அது இறங்கி வர 2022 ஆனது. எட்டிப் பிடிக்கும் என்று சொல்வதும் ஒரு பேச்சுக்குத்தான், முழு செட்டின் காசில் ஒரு நல்ல ஸ்கூட்டர் வாங்கலாம், வீட்டில் அதை இன்னும் சொல்லிக்காட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

மாட்டும் வேலையைப் பெங்களூரில் ஒரு கடையில் கொடுத்தேன். லீவரில் இருந்து கியருக்கு வயர் கிடையாது, ஆனால் முழுக்க வயர்லெஸ் என்று நினைத்துவிட வேண்டாம். சீட் போஸ்டுக்குள் ஒரு நீளமான பேட்டரி, அதிலிருந்து முன் டீரெய்லருக்கு (செயினைத் தள்ளி கியர் மாற்றும் கருவி) ஒரு வயர், பின் டீரெய்லருக்கு ஒரு வயர், இரண்டும் ஃப்ரேமுக்குள்ளே போக வேண்டும். மிதியின் அச்சு உட்காரும் பாட்டம் பிராக்கெட்டைக் கழற்றி வயரை மீன் பிடிப்பது போல இழுத்துக்கொண்டிருந்தார் மெக்கானிக், பக்கத்தில் நின்று பார்த்த எனக்கே கழுத்து வலித்தது. லீவர் மாறுவதால் பிரேக் ஹோஸும் புதுசு, ஆயில் ஏற்றிக் காற்று எடுக்க வேண்டும். ஒரு நாள் முழுக்க ஆனது. ரிம் பிரேக் வைத்திருப்பவர்கள் இதோடு படிப்பதை நிறுத்திவிடலாம், 105 டிஐ2 டிஸ்க் பிரேக்குக்கு மட்டும்தான். ஒரு நல்ல விஷயம், 12 ஸ்பீடு கேசட், அதாவது பின்சக்கரத்துப் பல்சக்கர அடுக்கு, பழைய 11 ஸ்பீடு ஹப்பிலேயே உட்காரும், வீல் மாற்றும் செலவு மிச்சம். மிதி மாட்டும் கிராங்க்கையும் மாற்றச் சொன்னார் மெக்கானிக், "அப்புறம் பார்க்கலாம் ப்ரோ" என்று பழையதையே வைத்துக்கொண்டேன், இன்றுவரை ஒழுங்காக ஓடுகிறது.

சரி, ஓட்டினால் எப்படி இருக்கிறது? பின் கியர் நன்றாக மாறுகிறது, ஆனால் உண்மையைச் சொன்னால், புதுக் கேபிள் போட்ட நல்ல மெக்கானிக்கல் கியரும் கிட்டத்தட்ட இதே அளவு நன்றாகத்தான் மாறும். வித்தியாசம் முன் கியரில். கொல்லிமலைக்குப் போயிருந்தேன், காரவள்ளியில் தொடங்கி 70 கொண்டை ஊசி. ஒவ்வொரு வளைவின் உள்பக்கமும் சுவர் மாதிரி எழும்பும், தாண்டியதும் கொஞ்சம் சமமாகும். பழைய செட்டில் இந்த மாதிரி இடத்தில் முன்னால் 50 பல் சக்கரத்தில் இருந்து 34 பல்லுக்கு மாற்ற வேண்டுமென்றால் முன்கூட்டியே யோசித்து, மிதியைத் தளர்த்தி, இடது கையால் லீவரை அழுத்தித் தள்ள வேண்டும். இதில் மவுஸ் கிளிக் மாதிரி ஒரு தட்டு. 'விர்ர்' என்று கொசு பறப்பது போல ஒரு சின்ன மோட்டார் சத்தம், செயின் மாறிவிட்டது. அதோடு பின் கியர் மாற மாற, செயின் உரசாதபடி முன் டீரெய்லர் தானே மில்லிமீட்டர் கணக்கில் நகர்ந்துகொள்கிறது. ஐம்பதாவது வளைவுக்கு மேல் மூளையும் வேலை செய்யாது, கையும் வேலை செய்யாது, அப்போதுதான் இதன் அருமை தெரிகிறது.

வேகம் கூடியதா என்று கேட்காதீர்கள். கூடவில்லை. அடிவாரத்து டீக்கடைக்காரரும் அதைத்தான் கேட்டார். "பேட்டரின்னு சொல்றீங்க, அப்புறம் ஏங்க தம்பி மிதிக்கிறீங்க?" என்னிடம் பதில் இல்லை.

அதே பயணத்தில் சொதப்பியதும் நான்தான். ஒரு சார்ஜ் சுமார் 1000 கிலோமீட்டர் என்கிறார்கள், எனக்கும் ஒன்றரை மாதம் வருகிறது, அதனாலேயே சார்ஜ் போடும் நினைப்பே வருவதில்லை. இறங்கி வந்ததும் முன் கியர் நின்றுவிட்டது, 34இல். சார்ஜ் குறைந்தால் முதலில் முன் கியரை நிறுத்தி, மிச்சத்தைப் பின் கியருக்கு வைக்கிற ஏற்பாடு அது. பின் கியரும் போய்விடுமோ என்ற பயத்தில் ஒரு நடு கியரில் வைத்துவிட்டு பட்டனையே தொடாமல் சேலம் வரை வந்தேன், சமதரையில் கால் தையல் மிஷின் மாதிரி சுற்றியது. போன் சார்ஜர் வயர் இதற்குப் பொருந்தாது, இதற்கென்று தனி வயர், பின் டீரெய்லரில் சொருக வேண்டும். அந்த வயரை வீட்டில் மறந்துவிட்டால் வழியில் யாரும் உதவ முடியாது. லீவருக்குள் இருக்கும் 1632 பட்டன் செல் வருடக்கணக்கில் வரும், ஆனால் வாட்ச் கடையில் 2032 கேட்ட உடனே கிடைப்பது போல இது கிடைக்காது, இரண்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

லீவரில் கியர் மாற்றும் பட்டன்கள் இரண்டும் பக்கம் பக்கமாக இருப்பதால் மழையில் கிளவுஸ் போட்ட விரலுக்கு எது எதுவென்று குழம்பும். எனக்கு இரண்டு வாரம் ஆனது பழக. ஷிமானோவின் விலை கூடிய அல்டெக்ரா செட்டில் லீவரின் தலையிலும் ஒரு பட்டன் உண்டு, 105இல் கிடையாது.

யார் வாங்கலாம்? ஏற்காடு, கொல்லிமலை, கோத்தகிரி என்று வாராவாரம் மலை ஏறுகிறவர், அல்லது விரலில் வலி, பிடிப்பு இருப்பவர் தாராளமாக வாங்கலாம். ஈசிஆரில் காற்றோடு மல்லுக்கட்டி மகாபலிபுரம் போய்வருகிறவருக்கு சில நூறு ரூபாயில் புதுக் கேபிள் போதும், ஒரு வருடத்துக்கு ஒரு முறை பிரிகிறதா இல்லையா என்று பார்க்காமலே மாற்றிவிட வேண்டும். 12 ஸ்பீடுதான் ஆசை என்றால் மெக்கானிக்கல் 105உம் வந்துவிட்டது.

என் பழைய செட்டை விற்கவில்லை. அக்கா பையன் கேட்டிருக்கிறான், புதுக் கேபிள் போட்டு அவன் சைக்கிளில் மாட்டப் போகிறேன்.