டிக்கோயா மழைக்கு 120 சென்ரிமீற்றர் டிஷ்: ஓராண்டு அனுபவம்

கடந்த ஆண்டு ஏப்ரலில், இலங்கை மலையகத்தில் எங்கள் டிக்கோயாவுக்கு அருகிலுள்ள ஹட்டன் நகரின் மின்பொருட் கடையொன்றில் 120 சென்ரிமீற்றர் விட்டமுள்ள ஆஃப்செட் டிஷ் ஒன்றை வாங்கினேன். அதனுடன், டிஷ் குவிக்கும் அலையை வாங்கிப் பெருக்கிக் கேபிளில் அனுப்பும் புதிய எல்.என்.பி. ஒன்றும், கேபிளின் நடுவே பொருத்தும் சிறிய ஆம்ப்ளிஃபயர் ஒன்றும் கடைக்காரரின் வற்புறுத்தலால் வீட்டுக்கு வந்தன. மூன்றில் எது பயன் தந்தது, எது தரவில்லை என்பதை ஒரு முழு மழைக்காலம் பார்த்த பின்னரே எழுத வேண்டும் என்று காத்திருந்தேன். டிஷ்ஷில் வர்த்தகப் பெயர் எதுவும் பொறிக்கப்படவில்லை. சாம்பல் நிறப் பூச்சு பூசிய கனமான இரும்புத் தகடு, அவ்வளவே.

எங்கள் வீட்டில் பார்ப்பது இந்தியாவின் டிடி ஃப்ரீ டிஷ் தொலைக்காட்சிச் சேவையை. அது 93.5 பாகை கிழக்கில் நிற்கும் ஜிசாட்-15 செய்மதியிலிருந்து வருகிறது. 2024இல் டிடி தமிழ் என்று பெயர் மாறிய அலைவரிசையை அம்மா இன்னமும் பொதிகை என்றே அழைக்கிறார். அது நின்றுவிட்டால் வீட்டில் நிம்மதியும் நின்றுவிடும். அச்செய்மதியின் கதிர்வீச்சு இந்திய நிலப்பரப்பை நோக்கி வடிவமைக்கப்பட்டது. நாம் அதன் தென்விளிம்பில், சிதறி விழும் ஒளியில் குளிர்காய்பவர்கள். ஆகவே முன்பிருந்த 60 சென்ரிமீற்றர் டிஷ் வெயில் நாட்களில் ஒழுங்காக வேலை செய்தாலும், மே மாதத்தில் தென்மேற்குப் பருவமழை தொடங்கியதும் படம் கட்டம் கட்டமாக உடைந்து, பிறகு 'சிக்னல் இல்லை' என்ற நீலத் திரையாக மாறிவிடும். ஆண்டு மழை 5000 மில்லிமீற்றரைத் தாண்டும் வட்டவளை எங்களுக்கு அதிக தூரமில்லை என்பதை நினைத்தால், இது எத்தனை நாட்களின் கதை என்பது விளங்கும்.

பழைய டிஷ்ஷைப் பார்க்க வந்த தொழில்நுட்பர், "சேர், மிஸ்ட் வந்தா இப்படித்தான், ஒண்ணும் செய்ய ஏலாது" என்று சொல்லிவிட்டுப் போனார். மலையகத்தில் பலரும் நம்பும் இக்கூற்று தவறானது. இச்சேவை பயன்படுத்தும் கேயூ பாண்ட் அலையின் நீளம் ஏறத்தாழ 2.5 சென்ரிமீற்றர். மூடுபனியின் துளிகள் அதனோடு ஒப்பிட மிக நுண்ணியவை என்பதால் அவை அலையை அதிகம் உறிஞ்சுவதில்லை. அலையைத் தின்பவை பெரிய மழைத்துளிகளும், எல்.என்.பி.யின் மூடியில் படியும் நீர்ப்படலமுமே. மூடுபனிக்கும் மழைக்கும் ஒரே நேரத்தில் வரும் பழக்கம் இருப்பதால், பழி பனியின் மீது விழுகிறது.

பெரிய டிஷ்ஷின் பயனைக் கணக்கில் சொல்வது எளிது. விட்டம் இரு மடங்கானால் அலையைச் சேர்க்கும் பரப்பு நான்கு மடங்காகிறது. அலையின் வலிமையை ஒப்பிடும் அலகில் சொன்னால் அது 6 டெசிபெல் கூடுதல். மழை அந்த மேலதிக இருப்பைத் தின்று முடித்த பிறகே படம் போகும். ஆனால் பெரிய டிஷ் பொறுமையையும் கேட்கும். 60 சென்ரிமீற்றர் டிஷ்ஷின் பார்வை அகலம் சுமார் 3 பாகை, 120இன் அகலம் அதில் பாதிதான். விளிம்பு 5 மில்லிமீற்றர் அசைந்தாலே அரைப் பாகை விலகிவிடும். லயத்துத் தகரக் கூரையில் பழைய டிஷ்ஷைக் கட்டியது போல இதைக் கட்டினால், ஜூலை மாதக் காற்று ஒரே இரவில் அதைத் திசைமாற்றிவிடும். நாங்கள் முற்றத்தில் குழி வெட்டிக் கொங்கிரீட் இட்டு, இரும்புக் குழாயை நிறுத்தினோம். குழாய் நிறை செங்குத்தாக நிற்கிறதா என்பதை ரசமட்டத்தால் பார்த்தாக வேண்டும்.

இங்கேதான் இந்தப் பொருளின் முதற்குறை வெளிப்பட்டது. டிக்கோயாவிலிருந்து பார்த்தால் அச்செய்மதி தென்கிழக்கு முகமாக, வடக்கிலிருந்து வலஞ்சுழியாக எண்ணும்போது சுமார் 118 பாகையில், தொடுவானத்துக்கு மேல் ஏறத்தாழ 73 பாகை உயரத்தில் இருக்கிறது. கிட்டத்தட்ட தலைக்கு மேல் என்பதால் எதிர்மலையோ தேயிலை மலையின் நிழல்மரங்களோ மறைப்பது அரிது. அது நமக்குக் கிடைத்த வரம். ஆனால் டிஷ்ஷோடு வந்த தாங்கியில், உயரக் கோணத்தை மாற்ற ஆணி நகரும் பள்ளம் 70 பாகையோடு முடிந்துவிட்டது. நிலநடுக்கோட்டுக்கு அருகிலுள்ளவர்களை நினைத்துச் செய்யப்படாத பொருள் என்பது அப்போது புரிந்தது. ஒட்டுப்பட்டறையில் கொடுத்துப் பள்ளத்தை நீட்டிக்கொள்ள வேண்டியிருந்தது. வாங்குவதற்கு முன் இதைக் கடையிலேயே சோதித்துக்கொள்ளுங்கள். அயல்வீட்டு டிஷ்ஷைப் பார்த்துத் திசை பிடிப்பதும் வேண்டாம். டயலொக் தொலைக்காட்சிச் சேவைக்கான டிஷ்கள் 45 பாகை கிழக்கிலுள்ள செய்மதிக்காக ஏறக்குறைய நேர் மேற்கே பார்த்து நிற்பவை. திசைகாட்டியைத் தகரக் கூரைக்கு அருகில் வைத்துப் பார்த்தால் அது பொய் சொல்லும் என்பதையும் பட்டே அறிந்தேன்.

இனி நான் மிக முக்கியமாகக் கருதுவது. புதிய டிஷ்ஷைப் பொருத்திய முதல் நாள், ரிசீவர் காட்டிய இரண்டு கோடுகளில் சிக்னல் வலிமை 80 விழுக்காட்டைத் தொட்டது. தரத்தைக் காட்டும் குவாலிட்டி கோடோ 45இலேயே நின்றது. இத்தனை பணம் செலவழித்தும் இவ்வளவுதானா என்று மனம் சோர்ந்தது. காரணம் எல்.என்.பி.யின் சாய்வில் இருந்தது. பெட்டியோடு வந்த துண்டுத்தாள் தமிழ்நாட்டு நகரங்களுக்கானது. சென்னையில் இச்செய்மதிக்கு எல்.என்.பி.யைச் சுமார் 45 பாகை திருப்ப வேண்டும். நிலநடுக்கோட்டை நெருங்க நெருங்க இச்சாய்வு கூடிக்கொண்டே போகும். டிக்கோயாவில் அது கணக்குப்படி ஏறத்தாழ 61 பாகை. இந்த 16 பாகைப் பிழையால் நமக்கு வேண்டிய அலையில் இழப்பது மிகக் குறைவுதான். ஆனால் அதே அதிர்வெண்களில், வேண்டிய அலைக்குக் குறுக்கான திசையில் அதிரும் மற்ற முனைவாக்க அலை உள்ளே கசிந்து, வேண்டியதைக் கலக்கிவிடுகிறது. வலிமைக் கோடு குறையாமல் தரக் கோடு மட்டும் குறைவதன் இரகசியம் இதுவே. டிஷ்ஷின் பின்னால் நின்று வானைப் பார்த்தவாறு எல்.என்.பி.யை இடஞ்சுழியாக மெல்லத் திருப்ப, தரக் கோடு 45இலிருந்து 68க்கு ஏறியது. செலவு ஒரு சதமும் இல்லை. ஆவலால் பழைய 60 சென்ரிமீற்றர் டிஷ்ஷிலும் இதையே செய்து பார்த்தேன். அதுவும் கணிசமாக முன்னேறியது. பெரிய டிஷ் வாங்க எண்ணுபவர்கள் முதலில் இதைச் செய்துவிட்டுக் கடைக்குப் போவது நல்லது.

இத்திருப்பத்துக்கு ஒரு விலை உண்டு. நேராக இருக்கும்போது கீழ்நோக்கியிருக்கும் கேபிள் இணைப்பு, 61 பாகை திருப்பியதும் ஏறத்தாழ பக்கவாட்டில் நீட்டிக்கொண்டு நிற்கிறது. மழைநீர் அதன் திருகு வழியாக உள்ளே நுழைகிறது. இரண்டாவது மாதத்தில் உள்கம்பி பச்சை பூத்ததைக் கண்ட பிறகு, இரப்பர் மூடி போட்டு, தானாக ஒட்டும் நாடாவால் சுற்றி, கேபிளை இணைப்புக்குக் கீழே ஒரு வளைவு தொங்கும்படி விட்டுக் கட்டினேன். நீர் அவ்வளைவின் அடியில் சொட்டிவிடுகிறது.

ஆம்ப்ளிஃபயர் வீண். எல்.என்.பி.யே 50 டெசிபெல்லுக்கு மேல் பெருக்குகிறது. எங்கள் 25 மீற்றர் ஆர்ஜி-6 கேபிளில் இழப்பது 7, 8 டெசிபெல்தான். அதைப் பொருத்தியபோது வலிமைக் கோடு நிரம்பியது, தரக் கோடு அசையவில்லை; அலையோடு கலந்த இரைச்சலையும் சேர்த்தே பெருக்கும் கருவியிடம் வேறெதை எதிர்பார்க்க முடியும்? நீண்ட கேபிளுக்கு மட்டும் அது உதவும். தான் சேர்க்கும் இரைச்சல் '0.1 டெசிபெல்' என்று அட்டையில் அச்சிட்ட புதிய எல்.என்.பி.யும் பழையதைவிட மேலானதாகத் தெரியவில்லை. அந்த எண்ணை நான் விளம்பரமாகவே கருதுகிறேன்.

மழைக்காலக் கணக்கு இதுதான்: முன்பு சாதாரண மழைக்கே படம் போகும், இப்போது கூரையில் பேசுவது கேட்காத அளவுக்குக் கொட்டும்போது மட்டும் பத்துப் பதினைந்து நிமிடம் போய்த் திரும்புகிறது. அதை எந்த டிஷ்ஷும் தடுக்காது. செப்டெம்பர் கடைசியில் சில நாட்கள் முற்பகல் 11 மணியை ஒட்டிச் சில நிமிடங்கள் படம் மறைந்தது. அப்போது சூரியன் செய்மதிக்கு நேர்பின்னால் வருவதால் அது பழுதல்ல, மார்ச் நடுப்பகுதிக்குப் பின்னும் வரும். ஒக்டோபர் இடிமழைக்கு டிஷ்ஷின் குழாயை நிலத்தோடு இணைத்திருக்கிறேன். இடி முழங்கத் தொடங்கியதும் கேபிளையும் கழற்றிவிடுகிறோம்.

அம்மா திருப்தியாக இருக்கிறார். 60 சென்ரிமீற்றர் டிஷ்ஷைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு விலை கொடுத்த இதை, சாய்வைத் திருத்தியும் மழையில் படம் நிற்கும் வீடுகளுக்குத் தயங்காமல் பரிந்துரைப்பேன். பண்டாரவளை போன்ற ஒப்பீட்டளவில் மழை குறைந்த பக்கத்தில் இருப்பவர்களுக்கு 90 சென்ரிமீற்றரே போதும் என்று நினைக்கிறேன். டிஷ்ஷோடு வந்த திருகாணிகள் மட்டும் எட்டாம் மாதத்திலேயே துருப்பிடித்துவிட்டன. அவற்றைத் துருப்பிடிக்காத எஃகுத் திருகாணிகளாக மாற்றி, கிரீஸ் பூசி வைத்திருக்கிறேன்.