பழைய ஹோட்டலுக்கு ஒரு ஸ்டார்: யார் சொல்வதை நம்புவது?

"தரை கிறீச்சிடுகிறது. லிஃப்ட் இல்லை. வெந்நீர் வருவதற்குள் விடிந்துவிடும்." நூறு வருஷம் கடந்த ஹோட்டல் எதன் ரிவ்யூக்களைத் திறந்தாலும் இந்தப் புலம்பல் இருக்கும். அதற்குக் கீழேயே ஐந்து ஸ்டார் போட்டு ஒருவர் "சொர்க்கம்" என்று எழுதியிருப்பார். இரண்டு பேருமே உண்மையைத்தான் சொல்கிறார்கள் என்பதுதான் தலைவலி.

முதலில் எங்கே எழுதியிருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். புக்கிங்.காம் போன்ற தளங்களில், அதன் வழியாகப் பதிவுசெய்தவர்தான் எழுத முடியும். டிரிப்அட்வைசர், கூகுள் மேப்ஸ் இரண்டிலும் கணக்கு வைத்திருக்கும் யாரும் எழுதலாம், ஹோட்டல் வாசலை மிதிக்காதவர்கூட. 2014-ல் 'அமெரிக்கன் எகனாமிக் ரிவ்யூ' இதழில் வந்த ஓர் ஆய்வு டிரிப்அட்வைசரையும், வாடிக்கையாளர்கள் மட்டும் எழுதக்கூடிய எக்ஸ்பீடியாவையும் ஒப்பிட்டது. அக்கம்பக்கத்தில் சிறு முதலாளி நடத்தும் போட்டி ஹோட்டல் இருந்தால், எக்ஸ்பீடியாவோடு ஒப்பிடும்போது டிரிப்அட்வைசரில் மோசமான ரிவ்யூ கூடுதலாக விழுந்திருந்தது. யார் எழுதியிருப்பார்கள் என்று ஊகிக்கப் பெரிய அறிவு தேவையில்லை.

அப்படியென்றால் திறந்த தளங்களை மூடிவைத்துவிடலாமா? நான் மூடுவதில்லை. மதிப்பெண்ணுக்குப் புக்கிங் தளத்தை நம்புவேன், ஆனால் அங்கே எழுதுபவர்கள் பெரும்பாலும் "அறை சின்னது, ஊழியர்கள் நல்லவர்கள்" என்று இரண்டு வரியில் முடித்துவிடுகிறார்கள். டிரிப்அட்வைசரில் கோபத்தோடு வந்தவர் நாலு பத்தி எழுதுவார்; எந்த மாடி, எந்தப் பக்கம், ஜன்னலுக்கு வெளியே என்ன என்று படத்தோடு போடுவார். பழைய ஹோட்டலுக்கு அதுதான் வேண்டும். ஏனென்றால் அங்கே ஒரு அறை மாதிரி இன்னொரு அறை இருக்காது. மும்பை தாஜில் 1903-ல் திறந்த அரண்மனைக் கட்டிடமும் உண்டு, எழுபதுகளில் எழுந்த டவர் கட்டிடமும் உண்டு. டவரில் தங்கியவர் "பழமையின் வாசனையே இல்லை" என்று குறைப்பட்டால், அரண்மனைப் பக்கம் அறை எடுப்பவருக்கு அதனால் என்ன?

தேதியும் அப்படித்தான். சிங்கப்பூரின் பழைய ராஃபிள்ஸ் ஹோட்டல் 2017-ல் புதுப்பிப்புக்காக மூடி 2019-ல் திறந்தது. 2016-ல் ஒருவர் அதன் குளியலறையைத் திட்டியிருந்தால் அது இப்போது வெறும் வரலாறு.

சரி, எழுதியவர் உண்மையில் தங்கியவர், ரிவ்யூவும் புதிது. அப்புறம்தான் கஷ்டமான கேள்வி: புகார் கட்டிடத்தின் மேலா, கவனிப்பின் மேலா?

ஒருமுறை ஒரு பழைய ஹோட்டலுக்குப் போவதற்கு முன் இரண்டு ரிவ்யூ படித்தேன். "அலமாரிக்குள் நின்று குளித்த மாதிரி இருந்தது" என்றது ஒன்று. திரைச்சீலைக்குப் பின்னால் சுவரில் ஈரம் என்று படம் போட்டிருந்தது இன்னொன்று. பழசு என்றால் இப்படித்தான் என்று இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டிவைத்துவிட்டேன். போய்ப் பார்த்தால் குளியலறை அலமாரியேதான். அந்தக் காலத்தில் நடைபாதைக் கோடியில் பொதுக் குளியலறை இருந்திருக்கிறது. பின்னாளில் அறையின் மூலையைத் தடுத்துச் சொருகியிருக்கிறார்கள். இடித்துக் கட்ட வழியில்லை, யாரையும் குறை சொல்லவும் முடியாது. ஆனால் ராத்திரி பூஞ்சை வாடை தாங்காமல் எழுந்து திரையை விலக்கினேன். படத்தில் உள்ளங்கை அளவு இருந்த கறை முழ நீளமாகியிருந்தது. மேலே வெள்ளையடித்திருந்தார்கள், அதுவும் உப்பி, தொட்டால் உதிர்ந்தது. படம் போட்டு எட்டு மாதம் ஆகியிருந்தது.

அதிலிருந்து இரண்டையும் தனித்தனியாகத்தான் படிக்கிறேன். மரத்தரைச் சத்தம், குறுகிய படி, தடித்த சுவரைத் தாண்டாத வைஃபை, பாதுகாக்கப்பட்ட கட்டிடம் என்பதால் மாற்ற முடியாத ஒற்றைக் கண்ணாடி ஜன்னல்: எல்லாம் உண்மை, ஆனால் ஸ்டாரைக் குறைக்கத் தேவையில்லை. ஈரம், அழுக்குப் படுக்கை விரிப்பு, கட்டணத்தில் குளறுபடி இவற்றுக்கு வயதைச் சாக்கு சொல்ல முடியாது. மூட்டைப்பூச்சி என்று அண்மையில் இரண்டு பேர் எழுதியிருந்தால் நான் மூன்றாவது ஆளைத் தேடுவதில்லை.

மோசமான ரிவ்யூவே இல்லாத ஹோட்டல்? அதையும் சந்தேகப்படுவேன். 2014-ல் நியூயார்க் மாநிலத்தின் ஹட்சன் நகரில் ஒரு விடுதி, கல்யாண விருந்தினர் யாராவது மோசமாக எழுதினால் 500 டாலர் அபராதம் என்று விதி வைத்திருந்தது வெளியே வந்து ஊரே சிரித்தது. ஒப்பந்தத்தில் இப்படி வாயைக் கட்டுவதை 2016-ல் அமெரிக்கா சட்டம் போட்டுத் தடுத்தது.

இப்போதெல்லாம் மனதை உறுத்தும் புகாரை அப்படியே எடுத்து ஹோட்டலுக்கே எழுதிக் கேட்டுவிடுகிறேன். போன தடவை மரத்தரைச் சத்தம் பற்றிக் கேட்டதற்கு, "ஆமாம், மேலே நடப்பது கேட்கும். லேசான தூக்கம் என்றால் கடைசி மாடி எடுங்கள், ஆனால் லிஃப்ட் மூன்றாவது மாடியோடு நின்றுவிடும்" என்று பதில் வந்தது. கடைசி மாடியே எடுத்தேன்.