97 சென்ரிமீற்றர் காட்டிய பெட்டி: ஆர்டுயினோ தொடக்கப் பெட்டியுடன் மூன்று மாதம்

அக்காவின் மகளுக்கு இந்த வருசம் பத்தாம் ஆண்டு. விஞ்ஞானத்தில் புள்ளிக்குக் குறைவில்லை. ஆனாலும் ஒரு நாள், "உயர்தரத்துக்குக் கணிதப் பிரிவு வேணாம் மாமா, பௌதிகவியல் எல்லாம் பாடமாக்க ஏலாது" என்றாள். பாடமாக்க ஏலாது என்ற அந்தச் சொல் என்னை என்னவோ செய்தது. மட்டக்களப்புக் கல்லடியில் இருபது வருசமாக வீட்டு வயரிங் செய்கிறேன். மின்சாரத்தைப் பாடமாக்கி வேலை பழகின ஒருவரையும் நான் கண்டதில்லை. அந்தக் கிழமையே கொழும்புக் கடையொன்றில் ஆர்டுயினோ ஊனோ தொடக்கப் பெட்டியை ஓடர் பண்ணினேன். கூரியர் காசோடு 7,400 ரூபாய்.

மூன்று மாதம் பாவித்துவிட்டுச் சொல்கிறேன், வாங்கலாம். ஆனால் முதல் கிழமை பிள்ளையோடு பெரியவர் ஒருவர் உட்கார வேண்டும். பெட்டியைக் கையில் கொடுத்துவிட்டு எழும்பிப் போனால் அது அலுமாரிக்குத்தான் போகும்.

பெட்டிக்குள் உள்ளங்கை அளவில் ஒரு போர்ட், அதுதான் ஆர்டுயினோ. லப்டொப்பில் நாங்கள் எழுதிக் கொடுக்கும் கட்டளைப்படி, அதில் செருகின சாமான்களை இயக்கும். வயர் செருகிப் பார்க்க ஒரு பிரெட்போர்ட், ஒரு கட்டு வயர், கலர் கலராக எல்ஈடி, தடையிகள், ஒரு சின்ன மோட்டார், வெப்பநிலை அளக்கும் எல்.எம். 35, தூரம் அளக்கும் சென்சர். ஆர்டுயினோ 2005இல் இத்தாலியின் இவ்ரியா நகரத்தில் மாணவர்களுக்காகவே தொடங்கியது. போர்டின் வரைபடத்தை எல்லாருக்கும் திறந்தே வைத்திருக்கிறார்கள். அதனால் யாரும் அதே மாதிரி செய்யலாம். இந்த விலைக்கு எனக்கு வந்ததும் அப்படிச் செய்த ஒன்றுதான், வேலை சுத்தமாகச் செய்கிறது.

முதல் நாள் மட்டும் அழ வைத்துவிட்டது. லப்டொப்பில் செருகினால் போர்டே தெரியவில்லை. கடைக்குப் போன் எடுத்தால் "கேபிளை மாத்திப் பாருங்க" என்றதோடு சரி. இரண்டு மணித்தியாலம் போன பிறகுதான் விளங்கியது, மலிவான போர்டுகள் பலவற்றில் யூஎஸ்பிக்கு சி.எச். 340 என்ற சிப்பைப் போடுகிறார்கள், அதற்கென்று டிரைவர் என்ற சின்ன மென்பொருளை லப்டொப்பில் இறக்கிப் போட வேண்டும். போட்டதும் ஐந்து நிமிடத்தில் சரி. வாங்குகிறவர்கள் பிள்ளையைக் கூப்பிடுவதற்கு முதல் இதை முடித்து வையுங்கள். முதல் நாளே "இது வேலை செய்யாது" என்ற எண்ணம் பிள்ளைக்கு வந்தால் மாற்றுவது கஷ்டம்.

கூட வந்த கையேடு முழுக்க ஆங்கிலம், எழுத்தும் எறும்பளவு. அவள் தமிழ் மொழிமூலம். நான் ஒரு கொப்பி எடுத்து ஒவ்வொரு வயரும் எங்கே போகிறது என்று தமிழில் கீறிக் கொடுத்தேன். எல்ஈடியைக் காட்டி, "புத்தகத்தில 'ஒளிகாலும் இருவாயி' எண்டு படிச்சாயே, அது இதுதான்" என்றபோது, கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அவ்வளவு காலமும் அவளுக்கு அது ஒரு சொல் மட்டுமே.

தடையி இல்லாமல் நேராக 5 வோல்ற்றில் கொடுத்தாள். நான் தடுக்கவில்லை. பளிச்சென்று எரிந்து செத்தது. மறுகா இரண்டு பேரும் கணக்குப் போட்டோம். சிவப்பு எல்ஈடிக்கு ஏறத்தாழ 2 வோல்ற் போகும், மிச்சம் 3. அதை 220 ஓமால் வகுத்தால் 14 மில்லி அம்பியருக்குக் கிட்ட, எல்ஈடி தாங்கும் அளவு. ஓமின் விதியைப் பற்றி அதற்குப் பிறகு அவளிடம் நான் ஒன்றும் சொல்லத் தேவைப்படவில்லை. வீட்டு வயரிங்கில் 230 வோல்ற், அதில் பிள்ளையைக் கை வைக்க விடவே மாட்டேன். இதில் 5 வோல்ற்றுத்தான். பிழை விடலாம், திரும்பவும் விடலாம். இந்தப் பெட்டியில் எனக்கு ஆகப் பிடித்தது அதுதான்.

தூரம் அளக்கும் சென்சருக்கு எச்.சி.எஸ்.ஆர். 04 என்று பெயர். முன்னுக்கு இரண்டு கண் மாதிரி இருக்கும். ஒரு கண் 40 கிலோஹேர்ட்ஸ் மீடிறனில் கழியொலி விடும். எங்கள் காது 20 கிலோஹேர்ட்ஸோடு நின்றுவிடும், அதனால் கேட்காது. பட்டுத் திரும்பும் எதிரொலியை மற்றக் கண் பிடிக்கும். போய்வந்த நேரத்தைப் போர்ட் மைக்ரோசெக்கனில் எண்ணும். அந்த நேரத்தை 0.034ஆல் பெருக்கி இரண்டால் வகுத்தால் தூரம் சென்ரிமீற்றரில் வரும்.

ஒரு ஞாயிறு மத்தியானம், சுவரிலிருந்து டேப் பிடித்துச் சரியாக 100 சென்ரிமீற்றரில் சென்சரை வைத்தோம். திரையில் 97. திரும்பவும் 97. "மாமா, இஞ்ச பாருங்க, பெட்டி பொய் சொல்லுது" என்றாள். எனக்கும் முதலில் சென்சரில்தான் சந்தேகம். பத்துத் தரம் அளந்தோம், பத்துத் தரமும் 97ஐ ஒட்டியே வந்தது. பழுதான சாமான் இவ்வளவு ஒழுங்காகப் பிழை விடாது.

அப்புறம் அவளே அந்த 0.034ஐப் பிடித்தாள். அது எங்கிருந்து வந்தது? ஒலி செக்கனுக்கு 340 மீற்றர் போகும் என்ற கணக்கு அது. வெப்பநிலை 15 பாகையை ஒட்டி இருந்தால்தான் அந்தக் கணக்குச் சரி. எங்கள் விறாந்தையில் எல்.எம். 35 காட்டியது 32 பாகை. காற்றுச் சூடானால் அதன் மூலக்கூறுகள் விரைவாக ஓடும், தள்ளலை அடுத்ததற்கு விரைவாகக் கடத்தும். பூச்சியப் பாகையில் 331 மீற்றர், அதற்கு மேல் பாகைக்கு 0.6 மீற்றர் கூட்ட வேண்டும். 32 பாகைக்கு 350 வருகிறது. மட்டக்களப்பு வெயிலில் ஒலி செக்கனுக்குப் பத்து மீற்றர் கூடுதலாக ஓடுகிறது, அது போர்டில் எழுதின கட்டளைகளுக்குத் தெரியாது! கொப்பியில் அந்தக் கணக்கு முடிந்தபோது அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். மறுநாள் விடியற்காலை ஐந்தரைக்கு எழும்பி அளந்தாள். 26 பாகை, திரை காட்டியது 98.

எங்கள் மட்டக்களப்பு வாவியில் மீன் பாடும் என்ற பாடும்மீன் கதையும் அப்போதுதான் வந்தது. என் அப்பா வாவியில் தோணி விட்டவர். நிலாக் காலத்தில் கல்லடிப் பாலத்துப் பக்கம் துடுப்பைத் தண்ணீருக்குள் விட்டு மற்ற நுனியில் காதை வைத்துக் கேட்பார். தண்ணீரில் ஒலி செக்கனுக்கு ஏறத்தாழ 1,500 மீற்றர் போகும் என்றதும், "அப்ப தண்ணிக்குள்ள இது எவ்வளவு காட்டும்?" என்று கேட்டாள். இந்தச் சென்சரைத் தண்ணீருக்குள் விட ஏலாது என்று நான் சொல்ல வேண்டியதாகப் போயிற்று. காரைதீவில் 1892இல் பிறந்த சுவாமி விபுலானந்தர் லண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டதாரி, யாழ் நரம்புகளின் சுரங்களைக் கணக்கிட்டு ஆராய்ந்தவர். அவரது சமாதி எங்கள் கல்லடியில்தான் இருக்கிறது. ஒலியைக் கணக்கால் பிடிப்பது எங்களுக்குத் தூரத்துச் சங்கதி இல்லை என்று அவளுக்குச் சொன்னேன்.

குறையும் சொல்ல வேண்டும். இதே சென்சரை வீட்டுத் தண்ணித் தாங்கி மூடியில் பொருத்தி, நீர்மட்டம் குறைந்தால் எல்ஈடி எரியும்படி செய்தாள். ஒன்பதாம் நாள் நின்றுவிட்டது. கழற்றிப் பார்த்தால் உள்ளே ஈரம் பிடித்திருந்தது. தாங்கிக்கு என்றால் நீர் புகாத வகையைத் தனியாக வாங்க வேண்டும். இரண்டு சென்ரிமீற்றருக்குள் இருப்பதையும் இது அளக்காது. சின்ன மோட்டாருக்குப் போர்டிலிருந்தே மின் எடுத்தால் போர்ட் சில வேளை நின்று திரும்பத் தொடங்கும், அதற்கு வேறு மின்கலம் கொடுங்கள்.

எட்டாம் ஆண்டுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்கு நான் சொல்லமாட்டேன், அவர்களுக்கு மின்கலமும் பல்பும் காந்தமும் போதும். பத்தாம், பதினோராம் ஆண்டுப் பிள்ளைக்கு ஒரு மாத ரியூசன் காசை இதில் போடலாம். பொறியியல் படிக்க நினைத்தால் அம்பாறையில் ஒலுவிலிலேயே தென்கிழக்குப் பல்கலைக்கழகப் பொறியியல் பீடம் இருக்கிறது என்பதையும் வீட்டில் பேசிக்கொண்டிருக்கிறோம். எந்தப் பிரிவு என்று அவள் இன்னும் முடிவெடுக்கவில்லை, நானும் கேட்கவில்லை.

போன கிழமை எல்.எம். 35ஐயும் சேர்த்து வயர் பண்ணி, வெப்பநிலைக்கு ஏற்ப ஒலியின் வேகத்தை மாற்றும்படி கட்டளைகளைத் திருத்தினாள். சுவரிலிருந்து அதே 100இல் வைத்து, என்னைக் கூப்பிடாமலே அளந்திருக்கிறாள். நான் வேலையால் வந்தபோது கொப்பியில் திகதி போட்டு எழுதியிருந்தது: 31 பாகை, 100.1.