பழைய ஜிப்ஸியா, பழைய தாரா? கூடாரம் போடப் போகிறவருக்கு எது ஒத்துவரும்

பழைய ஃபோர் வீல் டிரைவ் வண்டி தேடுகிறவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, "சேற்றில் எது நன்றாக ஏறும்?" என்றுதான். அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: உங்கள் வீட்டிலிருந்து கூடாரம் போடும் இடம் எவ்வளவு தூரம்? சென்னையிலிருந்து ஏற்காட்டுக்கோ கொல்லிமலைக்கோ கிளம்பினால் 350 கிலோமீட்டருக்கு மேல் நல்ல சாலை. கல்லும் சேறும் கடைசி ஐந்தாறு கிலோமீட்டர்தான். பயணத்தின் பெரும்பகுதியை வண்டி எப்படிக் கடக்கிறது என்று பார்க்காமல், அந்தக் கடைசித் துண்டை மட்டும் நினைத்து வாங்குவதால்தான் பல வண்டிகள் வருடம் முழுக்க ஷெட்டில் நிற்கின்றன.

இன்னொன்றையும் தொடக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும். வெளிநாட்டில் இந்த மாதிரி வண்டிகளைப் பற்றி எழுதினால் வேட்டையும் கூடவே வரும். இங்கே 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி அந்தப் பேச்சுக்கே இடமில்லை, இருக்கவும் கூடாது. ஆகவே கூரைமேல் நான்கு ஸ்பாட் லைட் பொருத்திய வண்டி விலைக்கு வந்தால், அதைக் கழற்றித் தரச் சொல்லி வாங்குங்கள். வனத்துறைச் சோதனைச் சாவடியில் அந்த விளக்குகளால் உங்களுக்கு எந்த நன்மையும் இல்லை. கூடாரமும் காப்புக்காட்டுக்குள் நினைத்த இடத்தில் போடுவதற்கில்லை. அனுமதி உள்ள எஸ்டேட், தோட்டம், தனியார் முகாம் இடங்கள்தான் நமக்கு.

சரி, வண்டிகளுக்கு வருவோம். நம் ஊர்ப் பழைய சந்தையில் உண்மையான போட்டி இரண்டுக்கும் நடுவில்தான்: மாருதி ஜிப்ஸி, 2010-இல் வந்த முதல் தலைமுறை மஹிந்திரா தார்.

ஜிப்ஸி 1985 இறுதியில் 970 சிசி இன்ஜினோடு வந்தது. 1996-இல் 1.3 லிட்டர் இன்ஜினோடு ஜிப்ஸி கிங், 2000-இல் அதற்கு எம்பிஎஃப்ஐ (கார்புரேட்டருக்குப் பதில் பெட்ரோலை அளந்து பீய்ச்சும் முறை), சுமார் 80 குதிரைத்திறன். பழைய 970 சிசி வண்டி சேகரிப்பாளர்களுக்கு அழகு. குடும்பத்தோடு மலை ஏற வேண்டியவர் அதை விட்டுவிடலாம். கார்புரேட்டர் கிங்கையும் தவிர்த்து, எம்பிஎஃப்ஐ வண்டியாகத் தேடுங்கள். இதன் பெரிய பலம் எடைதான். ஒரு டன்னை ஒட்டிய எடை என்பதால் ஈரப் புல்லிலும் செம்மண் குழைவிலும் மற்றவை புதையும் இடத்தில் இது மேலேயே ஓடிவிடும். புதைந்தாலும் இரண்டு பேர் தள்ளினால் வெளியே வரும். தனியாகப் போகிறவருக்கு இது எவ்வளவு பெரிய நிம்மதி என்பது ஆளில்லாத எஸ்டேட் பாதையில் மாட்டியவருக்குத்தான் தெரியும்.

ஆனால் முன்னும் பின்னும் லீஃப் ஸ்பிரிங், அதாவது இரும்புப் பட்டைகளை அடுக்கிய விறைப்பான ஸ்பிரிங். நெடுஞ்சாலையில் ஒவ்வொரு பால இணைப்பும் முதுகுத்தண்டில் தெரியும். பெரும்பாலான வண்டிகளில் கம்பெனி ஏசி கிடையாது. பின்சீட் பக்கவாட்டில் பார்த்தபடி இருக்கும். நாலு பேர் ஏறினால் கூடாரம், அடுப்பு, தண்ணீர்க் கேன் வைக்க இடமில்லை. 40 லிட்டர் டேங்க், மலையில் லிட்டருக்கு ஒன்பது பத்து கொடுத்தால் பெரிது. இருவர் போகிற வண்டி என்று வைத்துக்கொண்டால்தான் ஜிப்ஸியின் அருமை புரியும்.

வாங்கும்போது இதில் நான் முதலில் குனிந்து பார்ப்பது முன்சக்கரத்துக்குப் பின்னால் உள்ள உருண்டையான நக்கிள், அதாவது சக்கரம் திரும்பும் மூட்டு. அங்கே கிரீஸும் ஆயிலும் கலந்து சாம்பல் நிறக் குழம்பாக வழிந்திருந்தால், உள்ளே ஆக்சில் சீல் போய்விட்டது என்று அர்த்தம். ஆக்சில் கூட்டுக்குள் இருக்கும் ஆயில் நக்கிளுக்குள் வந்து கிரீஸைக் கரைத்துவிடும், பிறகு ஜாயிண்ட்டும் பேரிங்கும் காய்ந்து தேயும். அடுத்து, முன்சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, டயரை மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால், ஒருவரை பிரேக்கை மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். பிரேக் மிதித்ததும் ஆட்டம் நின்றால் வீல் பேரிங்; சின்ன வேலை. அப்படியும் ஆடினால், சக்கரம் இடவலமாகத் திரும்பும் அச்சில் உள்ள கிங்பின் பேரிங். அறுபது எழுபதில் ஒரு குழியில் இறங்கியதும் ஸ்டியரிங் கையை உதறிக்கொண்டு ஆடுகிறது என்று சொல்லப்படும் வண்டிகளில் பாதிக் காரணம் அங்கேதான் இருக்கும். விற்பவர் "வீல் அலைன்மென்ட் பண்ணினா சரியாயிடும் சார்" என்பார். சரியாகாது.

தாருக்கு வந்தால் கணக்கே மாறுகிறது. 2.5 லிட்டர் சிஆர்டிஇ (காமன் ரெயில்) டீசல், 105 குதிரைத்திறன், 247 நியூட்டன் மீட்டர் டார்க், அதாவது இழுவிசை. முன்பக்கம் டார்ஷன் பார் (ஸ்பிரிங் போல முறுக்கிக்கொடுக்கும் கம்பி) வைத்த தனித்தனி சஸ்பென்ஷன், பின்பக்கம் மட்டும் லீஃப். நெடுஞ்சாலையில் நூறில் போகலாம், பேசிக்கொண்டு போகலாம், ஏசி போடலாம். மலைப்பாதையில் இரண்டாம் கியரில் இழுக்கும் இழுவை ஜிப்ஸிக்கு வராது. அங்கே பெட்ரோல் இன்ஜின் கத்தக் கத்தத்தான் ஏறும். எடை கூடுதல் என்பது உண்மை. சேற்றில் புதைந்த தாரை இரண்டு பேர் தள்ளி எடுக்க முடியாது.

அந்தக் குறையைப் பாதி ஈடுகட்டுவது 2015-இல் வந்த மாற்றம். அந்த ஆண்டு முதல் சிஆர்டிஇ தாரில் பின் ஆக்சிலுக்கு மெக்கானிக்கல் லாக்கிங் டிஃபரென்ஷியல் வந்தது. ஒரு பின்சக்கரம் அந்தரத்தில் வெறுமனே சுற்ற ஆரம்பித்தால், இரண்டு சக்கரங்களின் வேக வித்தியாசத்தைப் பார்த்து அதுவே பூட்டிக்கொண்டு அடுத்த சக்கரத்துக்கும் இழுவையைக் கொடுக்கும். ஓட்டுபவர் எந்தப் பொத்தானையும் அழுத்த வேண்டியதில்லை. ஜிப்ஸியில் இது இல்லை. முன்னால் ஒன்றும் பின்னால் ஒன்றும் மூலைக்கு மூலை தூக்கிக்கொண்டால் வண்டி நின்ற இடத்திலேயே நிற்கும். இதனால்தான் 2010-14 தாரையும் 2015-க்குப் பிந்தைய தாரையும் நான் ஒரே வண்டியாகக் கருதுவதில்லை.

தாரில் பார்க்க வேண்டியது துரு. சாஃப்ட் டாப் வழியாக மழைத்தண்ணீர் இறங்கும், கார்பெட்டுக்கு அடியில் தேங்கும். கார்பெட்டைத் தூக்கிப் பார்க்க விடாத விற்பனையாளரிடம் பேச்சை வளர்க்க வேண்டாம். முன்சக்கரங்களுக்கு இன்ஜின் சுழற்சியைக் கொண்டுபோகும் மூட்டான சிவி ஜாயிண்ட்டின் ரப்பர் கிழிந்திருக்கிறதா என்று பாருங்கள். ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து மெதுவாகச் சுற்றும்போது "டக் டக்" என்று கேட்டால் ஜாயிண்ட் போய்விட்டது. தார் டிஐ என்று இன்னொன்றும் சந்தையில் வரும். 63 குதிரைத்திறன், எலக்ட்ரானிக்ஸ் இல்லாத எளிய இன்ஜின், கிராமத்து மெக்கானிக்குக்கும் கைவந்தது. ஆனால் நெடுஞ்சாலையில் பொறுமை வேண்டும். அதில் டூ வீல் டிரைவ் வண்டிகளும் உண்டு என்பதால் முன்சக்கரங்களுக்குச் சக்தியைக் கொண்டுபோகும் தண்டான முன் ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் இருக்கிறதா என்று கீழே படுத்துப் பாருங்கள்.

எந்த வண்டியானாலும் ஃபோர் வீல் வேலை செய்கிறதா என்பதை நல்ல சாலையில் சோதிக்காதீர்கள். பிடிப்புள்ள தரையில் போட்டுத் திருப்பினால் முன்னும் பின்னும் முறுக்கிக்கொண்டு, சக்தியை இரண்டு பக்கமும் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸுக்குக் கேடு. ஏதாவது காலி மண் தரைக்குக் கொண்டுபோய், வண்டியை நிறுத்தி, ஃபோர் லோ (நான்கு சக்கர இழுவையின் குறைந்த வேக நிலை) போட்டு, முதல் கியரில் கிளட்சை மெதுவாக விடுங்கள். ஆக்சிலரேட்டர் தொடாமலே ஊர்ந்து போக வேண்டும். கூட வந்தவர் வெளியே நின்று முன்சக்கரம் மண்ணைப் பறிக்கிறதா என்று பார்க்கட்டும். ஃபோர் வீல் லிவர் துள்ளி வெளியே வந்தால் விலையை அடித்துப் பேசுங்கள், அல்லது நகர்ந்துவிடுங்கள்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லலாம். பெஜோ டீசல் இன்ஜின் கொண்ட மஹிந்திராவின் எம்எம் 540, மேஜர் ஜீப்புகள் மேல் எனக்குத் தனி மரியாதை உண்டு. சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கு அந்த உடைந்த பாதையில் ஆட்களை ஏற்றிப்போவது இந்த வகை ஜீப்புகள்தான். ஆனால் அந்த ஊர்களில் தெருவுக்கு ஒரு ஜீப் மெக்கானிக் இருக்கிறார். போடி, கம்பம், மூணாறு பக்கம் இருப்பவர் தாராளமாக வாங்கலாம்; சென்னைக்காரர் வாங்கினால் கஷ்டம். ஃபோர்ஸ் கூர்க்கா முன்னும் பின்னும் டிஃபரென்ஷியலைப் பூட்டும் லாக்கர், இன்ஜினுக்கு உயரத்திலிருந்து காற்றை இழுக்கும், கம்பெனியே பொருத்திய ஸ்நார்க்கல் குழாய் என்று காட்டுக்குள் மற்ற எல்லாவற்றையும் மிஞ்சும். பழைய 2.6 லிட்டர் வண்டி நெடுஞ்சாலையில் தவழும், சர்வீஸ் சென்டர்களும் குறைவு. திருவள்ளூரில் தயாரான மிட்சுபிஷி பஜேரோ எஸ்எஃப்எக்ஸ் சொகுசில் ராஜா. ஒரு உதிரிபாகத்துக்காக மாதக்கணக்கில் காத்திருக்கத் தயாராக இருந்தால் மட்டும் அதன் பக்கம் போங்கள்.

என் தேர்வு இதுதான். வீட்டில் ஒரே வண்டி, குடும்பமும் வரும் என்றால் 2015-க்குப் பிந்தைய தார் சிஆர்டிஇ, அதிகம் மாற்றப்படாதது. வீட்டில் வேறு கார் இருக்கிறது, மலை அடிவாரத்துக்குப் பக்கத்தில் இருக்கிறீர்கள், இருவராகத்தான் போவீர்கள் என்றால் எம்பிஎஃப்ஐ ஜிப்ஸியைத் தாண்டி யோசிக்க வேண்டாம். இரண்டிலுமே வண்டி விலையில் ஐந்தில் ஒரு பங்கையாவது டயர், எல்லா ஆயில்களும், பிரேக், ரப்பர் புஷ் ஆகியவற்றுக்காகத் தனியாக எடுத்து வையுங்கள்.

"அதிகம் மாற்றப்படாதது" என்பதை அழுத்திச் சொல்கிறேன். கம்பெனி விவரக்குறிப்புக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று 2019-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பம்பருக்கு முன்னால் பொருத்தும் இரும்புக் கம்பிக்கு (புல் பார்) 2017 இறுதியிலேயே மத்திய அரசு தடை விதித்தது. பெரிய டயர் போட்டு உயர்த்திய வண்டி படத்தில் கம்பீரமாக இருக்கும், எஃப்சிக்கு (தகுதிச் சான்றுக்கு) போகும்போதுதான் தலைவலி. 15 வருடம் தாண்டிய வண்டிக்குப் பதிவு புதுப்பிப்பும் பசுமை வரியும் உண்டு. டெல்லியில் 10 வருடம் தாண்டிய டீசலுக்கும் 15 வருடம் தாண்டிய பெட்ரோலுக்கும் தடை விதிக்கப்பட்டதால் அங்கிருந்து மலிவாக வண்டிகள் வந்தன. அவை பல நேரம் துருவில்லாத நல்ல வண்டிகள்தான். ஆனால் என்ஓசியும் (தடையில்லாச் சான்று), தமிழ்நாட்டில் கட்ட வேண்டிய வரியும் சேர்த்துக் கணக்குப் போட்டால் மலிவு பாதியாகிவிடும். ராணுவ ஏலத்தில் வந்த ஜிப்ஸி என்றால் ஏலத் தாளில் உள்ள சேஸிஸ் எண்ணை, வண்டியில் பொறித்த எண்ணோடு நீங்களே ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரு எழுத்து மாறியிருந்தாலும் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.