ராஸ்பெர்ரி ஷேக் அண்ட் பூம்: வெடியின் அதிர்வும் ஒலியும் ஒரே பெட்டியில்

கல்குவாரியில் வெடி வைத்தால் அதிர்வு தரைவழியே முந்தி வரும், சத்தம் காற்றுவழியே பிந்தி வரும். பனாமாவில் தயாராகும் இந்தக் கருவி இரண்டையும் பதிகிறது. செங்குத்து அசைவுக்கு 4.5 ஹெர்ட்ஸ் ஜியோபோன் (தரை அதிர்வை உணரும் கருவி), காதுக்கு எட்டாத தாழ்ஒலிக்கு ஓர் அழுத்த உணரி. நொடிக்கு 100 அளவீடுகள். இரண்டு தடங்களும் ஒரே கடிகாரத்தில் ஓடுவதுதான் இதை வாங்கத் தூண்டும் விஷயம்.

பாறையில் முதன்மை அலையின் (முதலில் வந்து சேரும் அதிர்வின்) வேகம் நொடிக்குச் சுமார் 5 கி.மீ.; காற்றில் ஒலிக்கு 340 மீட்டர். 10 கி.மீ. தள்ளி வெடித்தால் தரைத் தடம் 2-ஆவது நொடியில் துடிக்கும், காற்றுத் தடம் 29-ஐத் தாண்டித்தான். இடைவெளி நொடிகளை 0.365-ஆல் பெருக்குங்கள், தூரம் கிலோமீட்டரில் கிடைத்துவிடும். ஒலி வந்து சேரும்போது தரையையும் தட்டுவதால், அதே நேரத்தில் தரைத் தடத்திலும் ஒரு துடிப்பு விழலாம். அது இரண்டாவது வெடி அல்ல. இடி என்றால் முந்தி வரும் தரை அலையே இருக்காது.

தரைத்தளத்தில் வெறும் சிமென்ட் தரையில் வையுங்கள். கம்பளம், மேசை வேண்டாம். மட்டம் காட்டும் நீர்க்குமிழி நடுவில் நிற்கும்வரை கால் திருகுகளைத் திருப்புங்கள். ஃப்ரிட்ஜும் தண்ணீர் மோட்டாரும் தரைத் தடத்தைக் கெடுக்கும். காற்றுத் தடத்துக்குப் பெரிய எதிரி காற்றேதான். கதவை அறைந்து சாத்தினாலும் வெடி போலவே ஒரு துடிப்பு விழும்.

மின்வெட்டில் எஸ்டி கார்டு கெடுவது உண்டு, சின்ன யுபிஎஸ் கட்டாயம். இணையம் இல்லாமல் மறுபடி இயங்கினால் நேரம் தவறிவிடும். அப்போதும் தூரக் கணக்கு சரியாகவே வரும், ஆனால் வேறு நிலையங்களின் பதிவோடு ஒப்பிட முடியாது. யுஎஸ்பி ஜிபிஎஸ் செருகினால் இந்தத் தொல்லை இல்லை.

துடிப்பின் உயரத்தைப் பார்த்து வெடிமருந்தின் அளவை ஊகிக்க வேண்டாம். விடிகாலையில் தரையோரம் குளிர்ந்தும் மேலே வெதுவெதுப்பாகவும் இருந்தால் ஒலி கீழே வளைந்து வரும். அதே மருந்து அப்போது பலமாகக் கேட்கும். திசை அறிய ஒரு கருவி போதாது, தள்ளித் தள்ளி மூன்று கருவிகளாவது வேண்டும்.

சுவர் விரிசலுக்குப் புகார் கொடுக்க இந்தப் பதிவு உதவாது. அதற்கான மானி மூன்று திசைகளிலும், 2 முதல் 250 ஹெர்ட்ஸ் வரை அளக்க வேண்டும். இது செங்குத்தாக மட்டும், 50 ஹெர்ட்ஸுக்குள்தான் அளக்கிறது.